தப்பான பக்கத்துப் பிளாட்பாரம்

"எல்லாம் சரி கண்ணு, ஆனா பிளாட்பாரம் தப்பான பக்கத்துல இருக்கே" என்றார் செட்ரிக், திரையில் தெரிந்த பழைய ரயில் நிலையப் படத்தைப் பார்த்து, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி.

"தப்பான பக்கம்னா?" என்றாள் டாம்சின்.

"பின்னாடி ரோட்டுப் பாலம் தெரியுதா? ஹெக்தோர்ப்ல பாலத்தைப் பார்த்து நின்னா பிளாட்பாரம் வலப்பக்கம், குன்று இடப்பக்கம். இதுல ரெண்டும் மாறியிருக்கு."

"ஒருவேளை மறுமுனையில இருந்து எடுத்திருந்தா?"

"மறுமுனையில இருந்து எடுத்தா பாலம் எடுத்தவன் முதுகுக்குப் பின்னாடில்ல இருக்கும்? அந்த ஊருக்கு இருக்கிறதே ஒரு பாலம்." செட்ரிக்கின் பிஸ்கட் பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அதைக் கவனிக்காமல் அவர் தொடர்ந்தார். "அப்புறம் கடிகாரத்தைப் பாரு. எண்ணு தெரியல, ஆனா முள்ளு தெரியுது. அஞ்சாக இன்னும் பத்து நிமிஷம். கடைசி வண்டி கிளம்பினது சாயங்காலம் ஏழு பத்துக்கு. ஆக, இது ஹெக்தோர்ப்பும் இல்ல, கடைசி வண்டியும் இல்ல. நெவில் நல்ல மனுசன்தான். ஆனா கதை விட்டுட்டான்."

மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் பின்னறையில் இருந்த பதினாலு பேரும் தலையை ஆட்டினார்கள். அவர்களிலேயே வயது குறைந்தவள் டாம்சின், இருபத்து மூன்று. அவளுக்கு அடுத்த இளையவருக்கு அறுபத்தொன்று. செவ்வாய்க்கிழமைதோறும் இங்கே கூடி, இறந்துபோன ரயில்களின் படங்களைத் திரையில் போட்டு, அது எந்த ஊர், எந்த வருடம், எந்த என்ஜின் என்று சண்டை பிடிப்பதுதான் இந்தச் சங்கத்தின் வேலை. டாம்சினுக்கு வாரத்தில் இதைவிட நல்ல மாலை கிடையாது.

நெவில் போன மாதம் இறந்துபோனார். அவர் தங்கை டோரீன் பதினொரு பெட்டி ஸ்லைடுகளை, அட்டைச் சட்டத்தில் பொருத்திய சின்ன பிலிம் படங்களை, சங்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சங்கத்தின் இணையப் பக்கத்தில் போடுவது டாம்சினின் பொறுப்பு. ஏழாவது பெட்டியில் இந்த ஸ்லைடு கிடைத்தது. அட்டைச் சட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "ஹெக். கடைசி."

டாம்சின் அதை இரண்டு முறை படித்தாள். காரணம் இருந்தது. 1964 ஜூனில் ஹெக்தோர்ப் ரயில் பாதையை மூடினார்கள். கடைசி வண்டியைப் படம் எடுத்தவர் என்று ஒருவர்கூட இல்லை, மழை வரும் என்று வானொலியில் சொன்னதால் எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நெவில் மட்டும் அறுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், தான் போனதாகவும் மழை வரவில்லை என்றும். யாரும் நம்பவில்லை. அவருக்குக் 'கடைசி வண்டி நெவில்' என்று பட்டப்பெயர் வைத்ததோடு சரி. இப்போது பழைய ஹெக்தோர்ப் நிலையம் தேநீர்க் கடையாகிவிட்டது. வரும் சனிக்கிழமை அதன் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டுகிறார்கள், சங்கத்தின் சார்பில். டாம்சின் அவசரக்காரி. பெட்டியில் ஸ்லைடு கிடைத்த அன்றே டோரீனுக்குப் போன் செய்து, "சனிக்கிழமை உங்க அண்ணன் படம் சுவத்துல இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். டோரீன் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "அப்ப இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் படமும் அதன் கீழே போட வேண்டிய வரியும் அச்சகத்துக்குப் போக வேண்டும். இன்று செவ்வாய்.

"ஸ்லைடைத் திருப்பி வெச்சு ஸ்கேன் பண்ணியிருக்கியோன்னுதான் முதல்ல நானும் நினைச்சேன்" என்றார் செட்ரிக். "என்ஜின் நம்பரைப் பார்த்தேன். நேரா இருக்கு. 18081. திருப்பி வெச்சிருந்தா நம்பர் இடவலம் மாறி வந்திருக்குமே."

"புள்ளியையும் பார்த்துத்தான் வெச்சேன்" என்றாள் டாம்சின். ஸ்லைடுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் நேராகத் தெரியும்போது சட்டத்தின் இடது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள். இருட்டில் கட்டைவிரல் அந்தப் புள்ளி மேல் இருந்தால் தப்பு நடக்காது. இந்தச் சட்டத்திலும் புள்ளி இருந்தது.

"அப்ப இது எந்த ஊரு?" என்று அவளே கேட்டாள்.

"ஸ்கெல்பி" என்றார் செட்ரிக். "அங்க பிளாட்பாரம் இடப்பக்கம். பாலமும் உண்டு."

"ஸ்கெல்பில ஏது குன்று? தட்டு மாதிரி இருக்கிற ஊரு. குன்றை யாராச்சும் வண்டில ஏத்தி அனுப்பினாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். செட்ரிக் சிரிக்கவில்லை. கோப்பைக்குள் கரைந்த பிஸ்கட்டைக் கரண்டியால் தேடிக்கொண்டே, "இதையேதான் நெவில் எழுபத்தொண்ணாம் வருஷத்துலயும் காட்டினான்" என்றார். "இதே கூடம். திரையில போட்ட உடனே, இது ஹெக்தோர்ப் இல்லடான்னு சத்தம் போட்டோம். ரொம்ப சிரிச்சிட்டோம்னு நினைக்கிறேன். அவன் எந்திரிச்சு, 'இது என் படம்'னு சொன்னான். அவ்வளவுதான். பெட்டியை மூடிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் இங்க ஒரு ஸ்லைடுகூடக் காட்டினதில்ல."

டாம்சின் வீடு திரும்பும் பேருந்தில் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஹெக்தோர்ப் என்றால் எதுவும் பொருந்தவில்லை. ஸ்கெல்பி என்றாலும் பொருந்தவில்லை. இந்த நாட்டில் இல்லாத ஓர் ஊரை நெவில் எப்படிப் படம் எடுத்தார்?

புதன்கிழமை வேலை முடிந்ததும் டோரீன் வீட்டுக்குப் போனாள். படத்தைப் பெரிய தாளில் எடுத்துப் போயிருந்தாள். டோரீனுக்கு எழுபத்திரண்டு வயது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, படத்தைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்ஜின் பக்கத்துல ரயில் கார்டு ஒருத்தர் நிக்கிறாரு" என்றாள் டாம்சின். "பிளாட்பாரத்து மூலையில இன்னொருத்தர், தொப்பி இல்லாம. சின்ன வயசு. ஒருவேளை இவரு யாருன்னு தெரிஞ்சா ஊரும் தெரியும். உங்களுக்குத் தெரியுதா?"

டோரீன் வெகுநேரம் பார்த்தாள். "நெவில் மாதிரி இருக்கு. ஆனா நெவில் இல்ல."

"அப்படின்னா?"

"ஜாடை இருக்கு கண்ணு. ஆனா வேற ஆளு. எப்படிச் சொல்றது? நம்ம சொந்தத்துல ஒருத்தன் மாதிரி. முகம் எங்கயோ இடிக்குது. எனக்கு ஒரே அண்ணன்தான், பெரியப்பா சித்தப்பா பசங்க யாரும் கிடையாது. இது யாரு?" படத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டாள். "ஏதோ பேயைப் பார்த்த மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போயிடு."

வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அவன் பொய்தான் சொன்னானா?"

"தெரியல" என்றாள் டாம்சின்.

அன்று சாயங்காலம் அவள் அறைத்தோழி ப்ரூ, அடுப்பில் பீன்ஸைக் கிளறியபடியே, மேசையில் கிடந்த படத்தை எட்டிப் பார்த்தாள். ப்ரூவுக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டாள். உலர்சலவைக் கடை ஒன்றில் துணிகளைப் பிரித்துத் தைத்து அளவு சரிசெய்வது அவள் வேலை.

"இந்த ஆளு எதுக்குடி பொம்பளக் கோட்டு போட்டிருக்கான்?"

"எந்த ஆளு?"

"இந்த யூனிபார்ம். பாரு, ஆம்பளக் கோட்டுல போட்டவனுக்கு வலப்பக்கம் பொத்தான் இருக்கும், இதுல பொம்பளக் கோட்டு மாதிரி இடப்பக்கம் இருக்கு. பொண்டாட்டி கோட்ட மாத்திப் போட்டுட்டு வந்துட்டானா?"

டாம்சின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கார்டு ஒரு பெண்ணா? 1964ல் ஒரு கிளைப் பாதையில் பெண் கார்டு இருந்திருந்தால் அதுவே பெரிய செய்தி. யோசிக்காமல் கைப்பேசியை எடுத்து இணையப் பக்கத்தில் தட்டிவிட்டாள்: "நண்பர்களே, அறுபத்து நாலில் நம் வட்டாரத்தில் பெண் கார்டு யாராவது இருந்தார்களா?"

ஆறு நிமிடத்தில் இருபது பதில்கள். "மீசை வெச்ச அம்மாவா?" என்று ஒருவர். "இந்தப் பொண்ணுக்கு நெவில் வியாதி தொத்திக்கிச்சு" என்று இன்னொருவர். செட்ரிக் மட்டும் தனியாக எழுதியிருந்தார்: "கண்ணு, அந்த கார்டுக்கு மீசை இருக்கு. சாப்பிட்டு ரெஸ்ட் எடு."

பெரிதாக்கிப் பார்த்தாள். மீசை இருந்தது.

"மீசை இருக்குடி" என்றாள் பரிதாபமாக.

"அப்ப பொண்டாட்டி கோட்டுதான்" என்றாள் ப்ரூ, தட்டை நீட்டியபடி.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில் டாம்சின் ப்ரூவின் கடைக்குப் போனாள். வீட்டுச் சாவியை மறந்திருந்தாள், அதை வாங்கத்தான். ப்ரூ உள்ளே ஆள் உயரக் கண்ணாடி முன்னால் ஒரு தடித்த மனிதரை நிறுத்தி, அவர் கோட்டுக் கையில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். வாயிலும் குண்டூசிகள். அதனால் "இரு" என்று கையாலேயே சொன்னாள்.

டாம்சின் சும்மா கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். கண்ணாடிக்குள் இருந்த தடித்த மனிதர் பெண்களின் கோட்டு போட்டிருந்தார்.

திரும்பி நிஜ மனிதரைப் பார்த்தாள். ஆண்கள் கோட்டு. மறுபடியும் கண்ணாடி. பெண்கள் கோட்டு.

"ஆனா நம்பர் நேரா இருந்துச்சே" என்றாள் சத்தமாக.

"என்னம்மா?" என்றார் தடித்த மனிதர்.

அவள் பதில் சொல்லவில்லை. கல்லாவில் கிடந்த பேனாவை எடுத்து ஒரு ரசீதின் பின்னால் எழுதினாள்: ஒன்று, எட்டு, பூஜ்யம், எட்டு, ஒன்று. அந்தக் காலத்து என்ஜின் எண் பலகைகளில் ஒன்று என்பது வெறும் குச்சி, மேலே மூக்கும் இல்லை, கீழே பாதமும் இல்லை. அவளும் அப்படியே குச்சியாகத்தான் எழுதினாள். ரசீதைக் கண்ணாடிக்குக் காட்டினாள்.

கண்ணாடிக்குள்ளும் 18081தான்.

எத்தனை ஆயிரம் என்ஜின்கள் ஓடின இந்த நாட்டில். அவற்றில் இடவலம் மாறினாலும் மாறாத எண் எத்தனை இருக்கும்? அதில் ஒன்றுதான் கடைசி நாள் ஹெக்தோர்ப்புக்கு வந்து நின்றிருக்கிறது. நம்பரை மட்டுமே நம்பும் பதினாலு பேர், நம்பரைப் பார்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அவளும்தான்.

கைப்பேசியில் படத்தை இடவலமாகத் திருப்பினாள். பிளாட்பாரம் வலப்பக்கம் போனது. குன்று இடப்பக்கம் வந்தது. கார்டு தன் சொந்தக் கோட்டுக்குள் நுழைந்தார். கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தாள், விரலால் இரண்டு முறை எண்ணினாள். ஏழு பத்து.

"வாயில ஊசி இருக்கு, கட்டிப்பிடிக்காத" என்றாள் ப்ரூ, பல்லிடுக்கில்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டாம்சின் டோரீன் வீட்டில் இருந்தாள். செட்ரிக்கையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றாள் டோரீன். "எழுபத்தொண்ணுல சிரிச்சதுக்கு இன்னிக்கு அடிக்கப் போறதில்ல."

"அடிச்சாலும் தப்பில்ல" என்றார் செட்ரிக். "அம்பது வருஷத்துக்கு முன்னாடியே அந்த நம்பரைப் பார்த்தேன். எனக்குத் தோணல. எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சவன் நான்தான்."

டாம்சின் திருப்பிய படத்தை மேசையில் விரித்தாள். "இப்பப் பாருங்க."

டோரீன் குனிந்தாள். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெவில்" என்றாள். "இது நெவில்தான். வகிடு வலப்பக்கம் எடுப்பான், பள்ளிக்கூடத்துலயே கிண்டல் பண்ணுவாங்க. அன்னிக்கு நீ காட்டினதுல வகிடு இந்தப் பக்கம் இருந்துச்சு. அதான் வேற யாரோ மாதிரி இருந்துச்சு."

"அப்ப அவருக்கு ஏன் தோணல?" என்றாள் டாம்சின். "அவரே பார்த்திருக்காரே, திரையில போட்டிருக்காரே."

"அவன் முகத்தை அவன் எங்க பார்ப்பான்? சவரம் பண்ணும்போது கண்ணாடியில. கண்ணாடியில பார்த்த முகமே படத்துலயும் இருந்தா அவனுக்கு அது சரியாத்தானே தெரியும்?" டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் மத்ததெல்லாம் மாறியிருக்குன்னு புரியாமலே செத்துட்டான்."

செட்ரிக் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார். "திரையில அவன் நின்னதை நாங்க ஒருத்தரும் பார்க்கல. என்ஜின் இருக்கும்போது ஆளை யாரு பார்க்கிறா?" என்றார். பிறகு டாம்சினிடம், "சரி, பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும். எழுது: 'ஹெக்தோர்ப், கடைசி வண்டி, 1964. படம் எடுத்தவர்: நெவில்.' அவனுக்கு நாங்க செய்ய வேண்டியது அது."

டாம்சின் தட்டத் தொடங்கினாள். 'படம் எடுத்தவர்' வரை வந்து நின்றாள்.

"செட்ரிக். அவரு படத்துக்குள்ள இருக்காரு."

"ஆமா."

"அப்ப எடுத்தது யாரு?"

மூன்று பேரும் படத்தைப் பார்த்தார்கள். டோரீன் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அரைமணி அடித்தது.

"அவன்தான் எடுத்ததாச் சொன்னான்" என்றார் செட்ரிக்.

"சொன்னாரா? செவ்வாய்க்கிழமை நீங்க வேற மாதிரி சொன்னீங்க. 'இது என் படம்'னு சொன்னார்னு சொன்னீங்க."

செட்ரிக் படத்தை இன்னும் அருகில் இழுத்தார். "ஆமா. என் படம்னுதான் சொன்னான். என் படம்னா நான் எடுத்த படம்னுதானே அர்த்தம்?"

"என் படம்னா நான் இருக்கிற படம்னும் அர்த்தம்தானே?"

"எங்கிட்டயும் அதேதான் சொல்வான்" என்றாள் டோரீன் மெதுவாக. "கடைசி வண்டியில என் படம் இருக்கு டோரீன், என் படம் இருக்குன்னு. எடுத்தேன்னு ஒரு தடவையாச்சும் சொன்னானா, எனக்கு ஞாபகமில்ல."

டாம்சின் படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினாள். இத்தனை நாளாக அவள் கண்ணில் பட்டும் படாமலும் இருந்தது. சாயங்கால வெயிலில் நீண்டு கிடந்த ஒரு நிழல், எடுத்தவரின் நிழல். இடுப்புக்குக் கீழே மணியைப் போல விரிந்திருந்தது. பாவாடை.

டோரீன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு" என்றாள். "ஒரு தடவை எங்கயோ கூட்டிட்டுப் போனான். கேமராவைக் கையில கொடுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அமுக்குன்னு சொன்னான். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான், அது சட்டையெல்லாம் வழிஞ்சிடுச்சு. அது எந்த ஊரு? ஹெக்தோர்ப்பா? கடலோரமா? கடலோரம்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். ரயில் நின்னுச்சான்னுகூடத் தெரியல."

"ஹெக்தோர்ப் ஸ்டேஷன் வாசல்ல ஐஸ்கிரீம் கடை ஒண்ணு இருந்துச்சு" என்றார் செட்ரிக்.

"எல்லா ஊர்லயும் இருந்துச்சு" என்றாள் டோரீன்.

டாம்சின் ஸ்லைடைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அந்தச் சிவப்புப் புள்ளியை டோரீன் விரல் நுனியால் தொட்டாள். கொஞ்சம் கோணலாக, வெளிப்பக்கம் சரிந்து ஒட்டியிருந்தது.

"புள்ளி ஒட்டுறது என் வேலை" என்றாள். "ஸ்லைடு வந்ததும் அவன் எழுதுவான், நான் ஒட்டுவேன். அவனுக்கு ஒட்டவே வராது." ஸ்லைடைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தப்பான பக்கத்துல ஒட்டிட்டேன், இல்ல?"

செட்ரிக் தேநீர் போட எழுந்து போனார். அவருக்கு அந்தச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"உங்க பேரைப் போடட்டுமா?" என்றாள் டாம்சின். "படம் எடுத்தவர், டோரீன்."

"வேண்டாம்" என்றாள் டோரீன் பட்டென்று. "இந்த ஊரே அவன்தான் எடுத்ததாச் சொன்னான்னு நினைக்குது. என் பேரைப் போட்டா, பாத்தியா, அப்பவும் பொய்தான் சொல்லியிருக்கான்னு சிரிப்பாங்க. அதோட, நான்தான் எடுத்தேனான்னு எனக்கே தெரியாது."

"அப்ப அவரு பேரைப் போடுறேன்."

"அவன் எடுக்கலையே. எடுத்தவன் எப்படி அங்க நிப்பான்? நாளைக்கு எவனாவது சுவத்துப் பக்கத்துல நின்னு இதே கேள்வியைக் கேப்பான். உங்க சங்கத்து ஆளுங்க நம்பரை விட்டா இதைத்தான் கேப்பாங்க."

"யார் பேரும் போடாம விட்டுடலாமா?"

"அறுபது வருஷமா அப்படித்தானே இருந்துச்சு" என்றாள் டோரீன்.

சமையலறையிலிருந்து செட்ரிக்கின் குரல் வந்தது. "வெறுமனே 'நெவில் படம்'னு போடு. அவன் சொன்ன மாதிரியே. எப்படி வேணா எடுத்துக்கட்டும்."

டோரீன் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "அதுல நான் இருக்கேனா இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்பது டாம்சினுக்கு விளங்கவில்லை.

மணி பதினொன்று ஐம்பது. அச்சகத்திலிருந்து ஒருமுறை போன் வந்துவிட்டது. டாம்சினின் கைப்பேசியில் படம் தயாராக இருக்கிறது, சரியான பக்கத்தில் பிளாட்பாரம், சரியான நேரத்தில் கடிகாரம், படத்துக்குள்ளே நெவில், படத்தின் ஓரத்தில் பாவாடை நிழல். கீழே ஒரு வரி காலியாகக் கிடக்கிறது. 'நெவில்' என்று தட்டுகிறாள், அழிக்கிறாள். 'டோரீன்' என்று தட்டுகிறாள், அதையும் அழிக்கிறாள். 'நெவில் படம்' என்று தட்டிவிட்டு டோரீனின் முகத்தைப் பார்க்கிறாள்.

இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், அந்த வரியில் நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?